கன் பிட்டில் இருந்து ஒரு நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் போர்க்கால மர்ம நாவல்கள் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. சண்டை நடக்கும்போதே அதில் இருக்கிறவர்கள் எழுதுகிற திகில் கதையெல்லாம் அவசரத்தில் கிண்டிய களி, பாதி பிரசாரம், சண்டை ஓய்ந்து பத்து இருபது வருடம் கழித்து எழுதியதுதான் நிற்கும் என்கிற மாதிரி அந்த வரி. டீக்கடையில் படித்தேன், வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். டார்ச் லைட் விஷயத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

நான் எழுத்தாளன் இல்லை. 1988ல் ராணுவத்தில் சேர்ந்து, வான் பாதுகாப்புப் பீரங்கிப் பிரிவில் 24 வருடம் ஓட்டி, ஹவில்தாராக வெளியே வந்தவன். ஊர் காவேரிப்பட்டணம். இப்போது கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது, அந்தத் தோப்பின் வரப்பு மேல் ஒரு வழக்கும் இருக்கிறது. மிச்ச நேரத்தில் படிக்கிறேன்.

நான் சொல்ல வந்த புத்தகம் ‘அட்டாக் அலார்ம்’. எழுதியவர் ஹாமண்ட் இன்னஸ் என்ற ஆங்கிலேயர், வெளிவந்த வருடம் 1941. பெங்களூரு போயிருந்தபோது அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடையில் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன், அட்டை பாதி இல்லை. என் ஆங்கிலம் பட்டாளத்து ஆங்கிலம், அதனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஆனால் சில பக்கங்களுக்கு அகராதியே தேவைப்படவில்லை, அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும்.

அந்த மனுஷர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையில் அவர் பெயரே வரவில்லை. 1940ல் ஜெர்மனி பிரிட்டனை ஆகாயத்தில் மடக்கப் பார்த்தது. ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்ததாக பிரிட்டிஷார் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய போர் விமான தளங்களை முடக்கிவிட்டால் கடல் தாண்டிப் படையை இறக்கலாம் என்பது ஹிட்லர் போட்ட கணக்கு. லண்டனுக்குத் தெற்கே கென்லி என்று ஒரு தளம், அதைக் காவல் காத்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் ஒன்றில்தான் இன்னஸ் இருந்தார் (பீரங்கி நிற்கிற குழிக்குத்தான் கன் பிட் என்று பேர்). அதற்கு முன்பு பத்திரிகைக்காரர். சாதாரண பீரங்கி வீரர் வேலை, அதாவது குண்டு தூக்குவது, மணல் மூட்டை அடுக்குவது, ராத்திரி காவல் நிற்பது, எல்லாம் நாங்கள் செய்ததுதான்.

ஆகஸ்ட் 18ல் அந்தத் தளத்தின் மேல் ஒன்பது ஜெர்மன் டோர்னியர் விமானங்கள் மரத்தை உரசுகிற உயரத்தில் வந்து குண்டு போட்டன, மேலே இருந்து வேறு ஒரு கூட்டமும் போட்டது. கீழே இருந்தவர்களிடம் ஒரு வினோதமான ஆயுதம் இருந்தது. இரும்புக் கம்பியை ராக்கெட்டில் கட்டி மேலே விடுவார்கள், கம்பி பாராசூட்டில் தொங்கும், தாழப் பறந்து வருகிற விமானம் அதில் சிக்கும். கேட்டால் பட்டம் விடுகிற பையன்கள் யோசனை மாதிரி இருக்கும், ஆனால் நிஜமாகவே வேலை செய்தது. அந்தத் தளத்தில் போபர்ஸ் பீரங்கிகளும் இருந்தன. போபர்ஸ் என்றதும் நம் ஆட்களுக்கு ஊழல்தான் ஞாபகத்துக்கு வரும், அது 155 மில்லிமீட்டர், வேறு சமாச்சாரம். இது 40 மில்லிமீட்டர், நான்கு நான்கு குண்டாகக் கிளிப்பில் சொருகிப் போடுவது. அதே ஸ்வீடன் கம்பெனி அப்புறம் செய்ததுதான் நான் ஆயுசில் பாதியைக் கழித்த எல்-70. தாத்தா பீரங்கி அங்கே, பேரன் பீரங்கி இங்கே. அதனால்தான் அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு சொந்தம் தட்டியது.

கதை இதுதான். பத்திரிகைக்காரனாக இருந்து பீரங்கி வீரனானவன் ஒருவன் தானே கதையைச் சொல்கிறான். தளத்துக்குக் கற்பனையாகத் தோர்பி என்று பேர் வைத்திருக்கிறார், ஏன் பேரை மாற்றினார் என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்ட ஒரு ஜெர்மன் விமானி வாய் தவறி ஏதோ சொல்கிறான், தளத்துக்குள்ளேயே எதிரி ஆள் இருக்கிறான் என்ற சந்தேகம் இவனுக்கு வருகிறது. யாரிடம் சொல்வது? இவன் வெறும் கன்னர். மேலே சொன்னால் நம்ப மாட்டார்கள், சொல்லப் போய் இவன் மேலேயே சந்தேகம் திரும்புகிறது. அந்த ஆள் யார், கடைசியில் என்ன ஆனது என்பதை நான் சொல்லப் போவதில்லை, புத்தகம் கிடைத்தால் படியுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது மர்மம் கூட இல்லை. காத்திருப்பது. பீரங்கிக்காரன் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அதுதான், இதைச் சினிமாக்காரர்கள் யாரும் காட்டுவதில்லை, காட்டினால் தியேட்டரில் ஆள் தூங்கிவிடுவான். ஸ்டாண்ட் டூ கொடுப்பார்கள், அதாவது சண்டைக்குத் தயாராக நில் என்று உத்தரவு, பூட்ஸ் கயிறு கூடக் கட்டாமல் ஓடிப்போய் இடத்தில் நிற்போம், ஆகாயத்தில் ஒரு கொக்கு கூட இருக்காது, ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம் என்பார்கள், போர்வைக்குள் கால் சூடாவதற்குள் மறுபடியும் ஸ்டாண்ட் டூ. மூன்று நாள் இப்படிப் போனால் பக்கத்தில் படுத்திருக்கிறவன் குறட்டை கூட எதிரி விமானம் மாதிரிக் கேட்கும். லங்கரில் (பட்டாளத்துச் சமையல்கட்டு) இருந்து சாய் கொண்டு வருகிறவன் பத்து நிமிடம் தாமதமானால் அவன் எங்கே போனான், யாரைப் பார்த்தான் என்று மனசு ஓடும். பக்கத்து ஊர் என்ன ஆனது, சண்டை யார் பக்கம் சாய்கிறது, எதுவும் தெரியாது, தலைக்கு மேல் தெரிகிற வட்டமான ஆகாயம் மட்டும்தான் நம்முடையது. தெரியாத மிச்சத்தையெல்லாம் மனசு தானே இட்டுக்கட்டிக்கொள்ளும். இன்னஸ் எழுதியிருப்பது அந்த இட்டுக்கட்டலைத்தான்.

இனி டார்ச் லைட்.

2001 டிசம்பர் 13ல் பாராளுமன்றத்தைத் தாக்கினார்கள், அதற்கப்புறம் மொத்தப் பட்டாளமும் எல்லைக்குப் போனது. ஆபரேஷன் பராக்கிரம். சண்டை வரும் வரும் என்று பத்து மாதம் நின்றோம், 2002 அக்டோபரில்தான் திரும்பச் சொன்னார்கள், சண்டை வரவே இல்லை. எங்கள் ரெஜிமெண்ட் பஞ்சாபில் ஒரு விமான தளத்தைச் சுற்றிப் பீரங்கி போட்டிருந்தது. ஜனவரி மாதம், பனி என்றால் பனி, கை நீட்டினால் விரல் தெரியாது. சுற்றிலும் கோதுமை வயல். ஒரு ராத்திரி பனி கொஞ்சம் விலகிய நேரத்தில் வயல் நடுவே ஒரு வெளிச்சம். எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது, கொஞ்சம் தள்ளிப்போய் அதே மாதிரி. சென்ட்ரி என்னை எழுப்பினான், நானும் பார்த்தேன். என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது, அதில் நேரத்தைக் குறித்தேன்: 11.20, 11.50, 2.10.

மறுநாள் காலை பல் விளக்குவதற்குள் பேட்டரி (எங்கள் பீரங்கிப் பிரிவு) முழுக்கச் செய்தி. ஒருவன் அது மோர்ஸ், விளக்கைச் சிமிட்டிச் செய்தி அனுப்புகிற குறி என்றான், அவனுக்கு மோர்ஸ் தெரியாது. இன்னொருவன், பால் கொண்டு வருகிற ஆள் நம் பீரங்கிகளை எண்ணியதைப் பார்த்தேன் என்றான். மூன்று முறை எரிந்தால் கிழக்குப் பக்கம், இரண்டு முறை எரிந்தால் மேற்குப் பக்கம் என்று நானே ஒரு கணக்குக் கண்டுபிடித்து நாயக்கிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். இரண்டாம் இரவும் அதே வெளிச்சம். அன்றைக்கு என் மனசில் ஒரு துளி சந்தேகம் கிடையாது. அங்கே ஒரு எம்டன் உட்கார்ந்து எதிரிக்குச் சைகை காட்டுகிறான், அவ்வளவுதான். (எம்டன் என்கிற சொல்லே 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ.)

மூன்றாம் இரவு உள்ளூர் போலீஸோடு ஒரு பேட்ரோல் போய் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தது. எழுபது வயது சர்தார்ஜி. முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி. பம்புசெட்டுக்கு கரண்ட் ராத்திரிதான் விடுகிறார்கள், மோட்டார் போட்டுவிட்டு எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வருகிறார். டார்ச் செல் விலை ஏறிவிட்டது, அதனால் ஒரு நொடி அடித்துப் பார்ப்பார், உடனே அணைப்பார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் இங்கே காவேரிப்பட்டணத்தில் என் அப்பா அதையேதான் செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கமும் அப்போது மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரிதான் வரும். சின்ன வயதில் எத்தனை முறை அவர் பின்னால் வரப்பில் நடந்திருக்கிறேன், எவ்வளவு நேரம்டா எரிய விடுவே, அணைடா என்று எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த வெளிச்சம் என்னவென்று பேட்டரியில் முதலில் தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான். தெரியவில்லை. இரண்டு ராத்திரி தூங்காதவனுக்கு அப்பா ஞாபகம் வரவில்லை, உளவாளிதான் ஞாபகத்துக்கு வந்தான்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். இரண்டாம் இரவில் நான் நாவல் எழுதியிருந்தால் அந்தப் பெரியவர் உளவாளிதான். தப்புத்தான், ஆனால் அந்தப் பயம் அப்படியே சுடச்சுட அதில் இருந்திருக்கும். இன்றைக்கு உட்கார்ந்து எழுதினால் அவர் விவசாயி என்று எனக்குத் தெரியும், முதல் பக்கத்தில் டார்ச் எரியும்போதே என் உதட்டில் சிரிப்பு வந்துவிடும், படிக்கிறவனுக்கு எங்கிருந்து வயிறு கலங்கும்? 1941ல் அந்தப் புத்தகம் அச்சாகும்போது ஜெர்மனி தோற்கும் என்று எழுதியவருக்கும் தெரியாது, அச்சுக் கோர்த்தவருக்கும் தெரியாது, காசு கொடுத்து வாங்கியவருக்கும் தெரியாது. ஹிட்லர் 1940 செப்டம்பர் 17ல் படையெடுப்பைத் தள்ளி வைத்தார் என்பதெல்லாம் நாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. பின்னாளில் எழுதுகிறவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் முடிவு தெரிந்தவர் முடிவு தெரிந்தவர்தானே.

அதற்காக அந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய குறையே, அதில் சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. நிஜத்தில் அப்படி இல்லை. அன்றைக்கு பிரிட்டனில் ‘ஐந்தாம் படை’ என்று ஊரெல்லாம் பேச்சு, உள்ளே ஒளிந்திருக்கிற எதிரிக் கூட்டத்துக்கு அப்படிப் பேர், ஸ்பெயின் உள்நாட்டுச் சண்டையில் 1936ல் பிறந்த சொல். பயந்து போன அரசாங்கம் ஜெர்மனி, இத்தாலிக்காரர்களை ஆயிரக்கணக்கில் பிடித்து அடைத்தது. அதில் ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த யூதர்களே நிறைய. அப்படிப் பிடித்த ஒரு கூட்டத்தைக் கனடாவுக்குக் கொண்டு போன ‘அராண்டோரா ஸ்டார்’ என்ற கப்பலை 1940 ஜூலை 2ல் ஜெர்மன் நீர்மூழ்கியே மூழ்கடித்தது, 800 பேருக்கு மேல் செத்தார்கள். செத்த இத்தாலியர்களில் பலர் ஹோட்டல் வைத்திருந்தவர்கள், ஐஸ்கிரீம் விற்றவர்கள். எல்லோரும் பயந்த மாதிரி ஒரு பெரிய ஐந்தாம் படை அங்கே இருக்கவே இல்லை. நாவலைப் படித்துவிட்டு இதையும் படித்தால் இரண்டும் சேர்ந்துதான் 1940 புரிகிறது, ஒன்றை மட்டும் படித்தால் புரியாது. உங்கள் கட்டுரையாளர் பிரசாரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியது இதைத்தான் என்றால், ஒதுக்கியது சரி என்று எனக்குப் படவில்லை. அந்த ஊர் அன்றைக்கு எப்படிப் பயந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு எங்கே கிடைக்கும்.

அந்தப் பயம் பழைய கதையும் இல்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் ஒரு ராத்திரி டிரோன்களைச் சுட்டதில் எங்கள் எல்-70ம் இருந்தது, மகள் போனில் வீடியோ காட்டி, அப்பா உங்க பீரங்கி என்றாள், கண் கலங்கிவிட்டது. அதே ராத்திரிதான் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி விற்க வந்த இந்திக்காரப் பையனை நாலு பேர் சுற்றி நின்று ஆதார் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர் அவன் போனைப் பிடுங்கி போட்டோ எல்லாம் பார்க்கிறார். நான் போய் இந்தியில் பேசினேன். பீகார்க்காரன், ஓசூரில் ரூம், நாலு மாதமாக இதே ரோட்டில்தான் விற்கிறான், அந்த நாலு பேரில் ஒருவர் வீட்டில் அவன் விற்ற நாற்காலியே இருக்கிறது. எல்லையில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, களியும் கீரையும் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர்களுக்கே இப்படி என்றால், கன் பிட்டில் இருந்தவன் டார்ச்சைப் பார்த்துப் பயந்ததில் என்ன ஆச்சரியம்.

கடைசியாக ஒரு ஆதங்கம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எத்தனையோ ஊரில் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்கு வந்த கடிதத்தில் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும்தான் இருக்கும், பிள்ளை எந்த மலையில் இருக்கிறான் என்று பெற்றவர்களுக்குத் தெரியாது, அதுவே ஒரு மர்மக் கதைதான். ஆனால் அவர்களில் ஒருவர் எழுதிய மர்ம நாவல் ஒன்றைத் தமிழில் நான் படித்ததில்லை. ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’ எழுதினார், இரண்டாம் உலகப் போரை அந்த மாதிரிக் காட்டியவர் தமிழில் வேறு இல்லை, ஆனால் அவர் பிழைப்புக்காக இந்தோனேசியாவில் மேடானில் இருந்தபோது சண்டையைப் பார்த்தவர், புத்தகம் வந்தது 1972ல். களத்தில் நின்றபடியே எழுதியது என்றால் ஈழத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த மலரவனின் ‘போர் உலா’ இருக்கிறது, 1990 மாங்குளம் சண்டைக்குப் போனதைப் பற்றியது, எழுதியவர் 1992லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அரசியலில் ஆயிரம் கருத்து இருக்கட்டும், அந்த எழுத்தில் நாளைக்கு என்ன என்று தெரியாத நடை இருக்கிறது. அது மர்மக் கதை வகை இல்லை, ஆனாலும் உங்கள் கட்டுரையாளர் அதைப் படித்திருந்தால் அந்த ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார்.

நம் பட்டாளத்துக்காரர்கள் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால், எழுத விட மாட்டார்கள். 1954ஆம் வருட ராணுவ விதிகளில் 21வது விதி இருக்கிறது, பணியில் இருக்கிறவன் பணி சம்பந்தமான எதையும் அனுமதி வாங்காமல் பத்திரிகைக்கோ புத்தகமாகவோ கொடுக்கக் கூடாது. அதில் நியாயமும் இருக்கிறது, நான் எழுதுகிற ஒரு வரியில் பீரங்கி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் போச்சு. 1996ல் ஒரு சிறுகதை எழுதி வார இதழுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன், சுபேதார் சாப் வாங்கிப் படிக்காமலே மடித்து என் பையில் வைத்தார், முதலில் பீரங்கியைத் துடை என்றார். சரி, பணியில் இருக்கும்போது முடியாது, வெளியே வந்தால்? வெளியே வந்தவன் ஓசூரில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான், பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து வந்து எங்கே எழுதுவது. அப்படியே ஒருவன் எழுதி அனுப்பினாலும் உங்களைப் போன்ற பத்திரிகைகள் சுதந்திர தினத்துக்கு ஒரு வீர வணக்கக் கட்டுரை கேட்கிறீர்களே தவிர, பயந்த கதையைக் கேட்பதில்லை. ஒரே ஒரு தொடர்கதைக்கு இடம் விட்டுப் பாருங்கள், முன்னாள் படைவீரர்கள் மட்டும் எழுதலாம் என்று போடுங்கள். எழுத்துப்பிழை நிறைய வரும், அதைத் திருத்த உங்களிடம் ஆள் இருக்கிறார்கள்.

என் நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்காக எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு இரவுக்கும் நேரம் நேரமாகப் போட்டு எதிரே ‘லைட்’, ‘லைட்’, ‘லைட்’ என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன், ஒரு இடத்தில் பேனா அழுந்திக் காகிதமே கிழிந்திருக்கிறது. மூன்றாம் இரவுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் காலைக்கு எதிரே மட்டும் ஒரு வரி: ‘பெரியவர் வெல்லம் அனுப்பினார், இரண்டு கிலோ இருக்கும், லங்கரில் கொடுத்தாச்சு.’

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.